பைபாஸ் ஒன்று, ரசீதுடன்

ஞாயிறு, அக்டோபர் 6

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடி, கலைந்து, திரும்பக் கூடி. ஒரு சொட்டு இல்லை.

வண்டி இன்றைக்கும் பாலம் ஏறவில்லை.

எங்கள் பக்கம் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப் பாலம்தான். மற்றதெல்லாம் வயல். ஆள் ஏற்றாமல் காலியாகப் போயும் முக்கால் மேட்டில் நின்றுவிட்டது. பின்னால் கரும்புகை. அம்மா பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பின்னாலேயே இறக்கினாள். நான் குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டீக்கடையில் இருந்த யாரும் எழுந்து வரவில்லை. போன வருடம் என்றால் ஓடி வந்திருப்பார்கள்.

எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எதையும் எழுதாதே, போனில் எதையும் பேசாதே. அதனால்தான் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள், கொசுவலைக்குள், டார்ச் வெளிச்சம். தெருக்கோடியில் மோட்டார் பைக் சத்தம் கேட்டால் அணைத்துவிடுகிறேன். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் நடந்ததை அவர்கள் சொல்வதுபோலத்தான் நானும் ஒருநாள் சொல்வேன் என்று பயம். அந்தப் பயம் கொஞ்சம் பெரியது.

நடந்தது:

தாத்தா கூலிக்கு நட்ட வயல் அது. பிறகு அரசாங்கம் பண்ணையாரிடமிருந்து உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்து எங்கள் தெருவில் எட்டுக் குடும்பத்துக்குப் பட்டா கொடுத்தது. இப்போது அதே எட்டுத் துண்டுக்கும் நடுவே புறவழிச்சாலை, ஊர் வாயில் பைபாஸ். அளவுக்கல் நட்டார்கள். நட்ட கல்லைப் பிடுங்கியதாக அப்பா மேல் வழக்கு. ஜாமீன் கிடைத்தது, ஆனால் ஊருக்குள் வரக் கூடாது. சீர்காழியில் தங்கி தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து.

ஆட்சேபணை சொல்ல ஒரு விசாரணை வைத்தார்கள். திருவாரூரில். எல்லாரும் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் நடுவழியில் நிறுத்தி, மத்தியானம் வரை வைத்திருந்து திருப்பி அனுப்பியது. கோப்பில் எழுதியிருக்கிறார்கள்: ஆட்சேபணை தெரிவிக்க எவரும் ஆஜராகவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது விசாரணை. அதுவே கடைசி. வேன்காரர்கள் ஒருத்தரும் வர மாட்டார்கள், கட்சிக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸை அன்றைக்கு வேறு பாதையில் விடப் போகிறார்களாம். இருப்பது எங்கள் ஜீப். எட்டு இருக்கை, பட்டாவும் எட்டு, காகிதமெல்லாம் சரி. டீசல். என்னைவிட இரண்டு வயது மூத்தது. பாலம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா அப்பாவிடம் போனில் கேட்டாள். டீக்கடைக்கு எதிரே நின்றால்தான் சிக்னல். அப்பா வண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னார், டர்போவில் பைபாஸ் வால்வு போய்விட்டது. எனக்கு விளக்கினார். புகை வெளியே போகும் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். அமுக்கம் அதிகமானால் மிச்சப் புகையைப் பக்கவழியாக விட ஒரு மூடி இருக்கும். அந்த மூடியைப் பிடித்திருக்கும் டப்பாவில் சுருள்வில் தளர்ந்து, மூடி எப்போதும் திறந்தே கிடக்கிறது.

"மடை தொறந்து கெடந்தா வயல்ல தண்ணி நிக்குமா கயலு? அதான் வண்டிக்கும்."

பட்டறைக்காரர் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். சாலை கான்ட்ராக்டரின் டிப்பர்கள் எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் அடுத்த வீட்டு அஞ்சலை அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சாத்துக்குடியோடு வந்தது. அம்மா போனில் "பைபாஸ் பண்ணாத்தான் ஓடுமா?" என்று கேட்டது அந்தப் பக்கம் வந்த அத்தை காதில் விழுந்திருக்கிறது.

"தம்பிக்கு நெஞ்சு வலின்னு என்கிட்ட ஏன் மறைச்ச வசந்தா? தஞ்சாவூர்லயே பண்றாங்களா, திருச்சிக்குப் போவணுமா?"

அம்மா சிரித்துச் சிரித்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. சாத்துக்குடியை அத்தை திருப்பி எடுத்துப் போகவில்லை.

இனிமேல் இந்த நோட்டில் சாலையைச் சாலை என்றே எழுதுவேன். வண்டிக்குள் இருப்பது மட்டும் பைபாஸ்.

திங்கள், அக்டோபர் 7

ஆயுத பூஜை. வெயில். பொரி, அவல், கடலை, வாழைப்பழம். ஜீப்பைக் கழுவி, கண்ணாடியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்பாவின் ஸ்பேனர் செட், ஜாக்கி, அம்மாவின் அரிவாள், என் புத்தகங்கள், அரசாங்கம் கொடுத்த லேப்டாப். எல்லாம் சாமி முன்னால். இந்த நோட்டை மட்டும் வைக்கவில்லை.

சூடம் அணைவதற்குள் அம்மா பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள்.

அஞ்சலை அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. பூசைக்கு வைத்த ஆயுதத்தை நாளைக்குத்தான் தொடணும். காலம் காலமாக அப்படித்தான், இருக்கிற கஷ்டம் போதாதா.

"சாமி கோச்சுக்கிட்டா வியாழக்கிழமைக்கு அப்புறம் சமாதானம் பண்ணிக்கலாம் அண்ணி. அவங்களச் சமாதானம் பண்ண முடியாது."

அத்தை ஸ்பேனரில் இருந்த குங்குமத்தைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தது. வழுக்கும் இல்ல, என்றது.

பானெட்டைத் திறந்து நான் உள்ளே குனிந்தேன். என் கை சின்னது, அதனால் என் வேலை. சொம்பு அளவில் ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனி மூடியின் கையில். இரண்டு போல்ட். ஒன்று வந்தது. ஒன்று துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, துணி சுற்றி விட்டிருக்கிறோம். நாளைக்கு வரும்.

முழங்கை வரை கரி. விரல் முட்டியில் இரண்டு காயம். சாப்பிடும்போது ரசம் எரிந்தது.

சாயங்காலம் திரும்பவும் டீக்கடைக்கு எதிரே, அப்பாவோடு. இந்த மாடலுக்குப் பழைய வால்வு இப்போது வருவதே இல்லையாம். பின்னால் வந்த மாடலின் வால்வைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறார். வில் இன்னும் கெட்டி, கம்பியின் நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். நாளைக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார்.

லைன் விட்டு விட்டுக் கேட்டது. அம்மா கத்தித்தான் பேசினாள்.

"நாளைக்கு பைபாஸப் பிரிச்சிடுவோம். புதன்கிழமைக்குள்ள மாத்திடுவோம். வியாழக்கிழமை காலையில எல்லாரும் அது மேலதான்."

கடைசிச் சொற்கள் பாலத்தைப் பற்றி. எனக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். ஒ.செ.யோடு, அதாவது ஒன்றியச் செயலாளரோடு, எப்போதும் சுற்றுகிறவர்.

அம்மாவிடம் சொன்னேன். "கேட்டா கேக்கட்டும்" என்றாள்.

எனக்கு அந்த கிளாஸ்தான் கண்ணில் நின்றது. இப்போதும்.

செவ்வாய், அக்டோபர் 8

இரண்டாவது போல்டும் வந்துவிட்டது. பழைய பைபாஸ் கையில். உள்ளே வில் லொடலொடவென்று ஆடுகிறது. இந்த டப்பாவை நம்பியா இத்தனை நாள் ஓடினோம்.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் நான் போய் நின்றேன். இன்னும் லீவுதான். கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டி, "அப்பா நல்லாருக்காரும்மா, வத்தக்குழம்பு மட்டும் கேட்டாரு" என்றார். பஸ் போய்விட்டது. கேட்க நினைத்ததெல்லாம் வாயிலேயே. இளைத்திருக்கிறாரா. முடி வெட்டினாரா.

சைக்கிளில் திரும்பும்போது பின்னால் ஒரு மோட்டார் பைக். நான் மெதுவாகப் போனால் அதுவும். நின்றால் அதுவும். வாய்க்கால் மதகில் இறங்கி, நடவு நடந்துகொண்டிருந்த வயலில் போய் நின்றுகொண்டேன். வரப்பில் இருந்தவர்கள் எல்லாம் அத்தை, சித்தி முறைதான். ஒன்றும் கேட்காமல், யாருடைய வீட்டுப் பிள்ளை என்று பைக் ஆசாமி காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். என் பாட்டன் பெயர் வரைக்கும். அவன் போய்விட்டான்.

பெட்டியை மார்போடு பிடித்திருந்ததில் அட்டை நசுங்கிவிட்டது.

அந்தி நேரத்தில் ஒ.செ. வீட்டுக்கே வந்தார். கரைவேட்டி, மல்லிகைப்பூ வாசனை. நாற்காலி போட்டோம். காபி வேண்டாம் என்றார். என்னிடம் எந்த க்ளாஸ், சைக்கிள் வந்துவிட்டதா, லேப்டாப் வேலை செய்கிறதா என்று விசாரித்தார். நல்லவிதமாகத்தான். அதனால் இன்னும் பயம்.

பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"வசந்தா, அந்த நெலத்துக்குப் பட்டா குடுத்தது யாரு? நம்ம ஆட்சி. பண்ணையில கைகட்டி நின்ன உங்கப்பனுக்கு நாங்க குடுத்தது. அதே ஆட்சி இன்னைக்கு ஊருக்கு ஒரு ரோடு போடக் கேட்டா, மாட்டேன்னு சொல்றது ஞாயமா?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை.

"எங்கப்பன் அடிபட்டு வாங்குனதுங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா குடுத்தத திருப்பிக் கேட்டா, அதுக்குப் பேரு குடுத்ததா, எரவலாங்க?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, பொம்பளப் புள்ள வச்சிருக்க, பாத்து நடந்துக்க என்றார். செருப்பை மாட்டும்போது ஜீப் பக்கம் ஒரு பார்வை.

அம்மா இரவு கதவுக்கு உள்ளே ஆட்டுக்கல்லை நகர்த்தி வைத்திருக்கிறாள். என் பக்கத்தில் படுத்து, தூங்குவதுபோல இருக்கிறாள். நானும் எழுதாததுபோல இருக்கிறேன்.

புதன், அக்டோபர் 9

அதிகாலை தூறல், பிறகு விட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, நான் போகவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் புதியதை மாட்டினோம். இரண்டு போல்ட், ரப்பர் குழாய், கிளிப். அதுவரை சுலபம். கம்பியின் நுனியில் ஒரு கண் இருக்கிறது, மூடியின் கையில் ஒரு முளை. முளையில் கண்ணை மாட்ட வேண்டும். அப்பா சொன்னது: கண் தானாகப் போய் முளையில் உட்கார்ந்தால் தப்பு, வண்டி ஏறாது. கொஞ்சம் இழுத்து மாட்டுகிற மாதிரி கம்பியைத் திருகிக் குறைக்க வேண்டும். ரொம்ப இழுத்தால் மூடி திறக்கவே திறக்காது, எஞ்சின் வெடித்துப்போகும். எவ்வளவு இழுப்பு என்று கேட்டதற்கு, "உன் ஜடைய அம்மா பின்னும்போது இழுக்குமே, அவ்வளவு" என்றார்.

மூன்று தடவை கழற்றி மாட்டினேன். ஜடை அளவு வந்தது.

கண் முளையிலிருந்து கழன்று வராமல் குறுக்கே போட ஒரு சின்ன பின். அது என் விரலிலிருந்து நழுவி எங்கேயோ. எஞ்சினுக்கு அடியில் வைக்கோல், சகதி, தேடினோம், தேடினோம். காந்தம் விட்டும் கிடைக்கவில்லை. கடைக்குப் போக வழியில்லை. கொடியில் என் யூனிஃபார்ம் துப்பட்டா, அதில் ஊக்கு. கெட்டியான பழைய ஊக்கு. தலையை நறுக்கி, கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் மடக்கிவிட்டேன். அம்மா பார்த்தாள். திருவாரூர் போய்த் திரும்பினா போதும் என்றாள்.

ஸ்டார்ட் செய்து அழுத்தியபோது புகை இல்லை. ஒரு விசில். மெல்லியதாக, மேலே மேலே போகிற விசில். அப்பா ஓட்டும் காலத்தில் தெருமுனையிலேயே கேட்கும் அதே சத்தம். அம்மா உடனே அணைத்துவிட்டாள். கேட்கக் கூடாதவர்களுக்குக் கேட்டுவிடும்.

பழையதைப் புதிய பெட்டியிலேயே போட்டு பீரோவுக்கு அடியில் தள்ளினேன். காரணம் ஒன்றும் இல்லை. வீட்டைப் பெருக்க வேண்டியிருந்தது.

அம்மா மற்ற ஏழு பேரிடம் சொல்லிவரப் போனாள். பட்டா அசல், ஆதார், ஒன்பது மணிக்கு வாசலில்.

அப்போது வந்தார்கள். எஸ்.ஐ., ஏட்டு, வண்டி ஓட்டும் போலீஸ்காரர். வீட்டில் நான் மட்டும். அஞ்சலை அத்தை தன் வாசலிலிருந்து ஓடி வந்து என் பக்கத்தில் நின்றது.

எஸ்.ஐ. உட்காரவில்லை. தகவல் வந்திருக்கிறது என்றார். பைபாஸைப் பிரிக்கப் போகிறீர்கள், புதன்கிழமைக்குள் மாற்றப் போகிறீர்கள், வியாழக்கிழமை எல்லாரும் அதன் மேலே உட்காரப் போகிறீர்கள். கல் பிடுங்கத் திட்டமா, மறியலா? யார் யார்?

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தது. "அய்யோ சாமி, அது நெஞ்சுக்குள்ள வைக்கிற பைபாஸ் இல்லீங்க, வண்டிக்குள்ள இருக்குறது."

எஸ்.ஐ.க்கு முகம் சிவந்துவிட்டது. கிண்டலா என்றார். கேலி பண்ணினால் பொம்பளை என்றும் பார்க்க மாட்டேன் என்றார். என்னைப் பார்த்து, புதுசா வந்ததைக் காட்டு, நேற்று பஸ்ஸில் வாங்கினியே, அது எங்கே என்றார்.

பைக் ஆசாமி சொல்லியிருக்கிறான்.

உள்ளே போனேன். பீரோவுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தேன். புதியது ஜீப்பில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாசலுக்கு வரும்வரை நினைத்தேன். சொல்லவில்லை. பெட்டியை நீட்டினேன்.

திறந்து பார்த்தார். கரி, துரு, ஒரு கம்பி.

"இதுவா பைபாஸ்?"

"ஆமாங்க சார்."

"இது இல்லாம வண்டி பாலம் ஏறுமா?" ஞாயிற்றுக்கிழமை வண்டி பாலத்தில் நின்ற சேதி அவருக்கும் போயிருக்கிறது.

"பைபாஸ் இல்லாம ஏறாதுங்க சார்."

ஏட்டிடம் கொடுத்து, வண்டியில் வை என்றார். வண்டி ஓட்டும் போலீஸ்காரர் பெட்டியை எட்டிப் பார்த்தார். பெட்டி புதியது, உள்ளே இருப்பது துரு. என் கையைப் பார்த்தார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பிறகு வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் என் வாய் தானாகப் பேசியது.

"ரசீது குடுங்க சார்."

அப்பாவைப் பிடித்தபோது அவருடைய பழைய போனை எடுத்துப் போனார்கள், ரசீது தரவில்லை. இன்று வரை போனே இல்லை என்கிறார்கள்.

"என்னது?"

"எங்க பொருள எடுத்துட்டுப் போறீங்க. ரசீது வேணுங்க சார்."

அத்தை என் தோளைப் பிடித்திருந்தது. நகம் பதிந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றுவிட்டார்கள். சும்மா நின்றார்கள், அவ்வளவுதான். எஸ்.ஐ. ஒருமுறை தெருவைப் பார்த்துவிட்டு ஏட்டிடம் தலையசைத்தார். ஏட்டு தொடைமேல் வைத்து எழுதினார். என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை, என்னைக் கேட்டு எழுதினார்.

இதோ இருக்கிறது: 'பைபாஸ் - 1.' கையெழுத்து, ஸ்டேஷன் பெயர்.

அம்மா வந்ததும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரசீதை இரண்டு தடவை படித்தாள். அத்தைதான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது, "பைபாஸ அவங்களே புடிச்சிட்டுப் போயிட்டாங்க, இனிமே ரோடு எதுல போடுவாங்களாம்?"

இரவுச் சோறு எல்லா வீட்டிலும் சிரிப்போடு. எனக்கு மட்டும் இறங்கவில்லை. பொய் சொன்னேனா? ஒவ்வொரு பதிலாக நினைத்துப் பார்க்கிறேன். இல்லை.

வியாழன், அக்டோபர் 10

வெயில், காற்று. மழை இல்லை, நல்லவேளை.

எட்டு இருக்கைக்கு எட்டுப் பேர். எனக்கு இடமில்லை, பள்ளிக்கூடம் போ என்றாள் அம்மா. போனேன். துப்பட்டாவில் ஒரு பக்கம் ஊக்கு இல்லை. பி.டி. மிஸ் பிரேயரிலேயே பிடித்துவிட்டார், ஊக்கு எங்கே?

"வண்டியில இருக்கு மிஸ்."

வெயிலில் நிற்க வைத்தார். அதுவே நல்லதாகப் போயிற்று, கிரவுண்டிலிருந்து பாலம் தெரியும்.

முதலில் தெரியவில்லை. ஒரு லாரி. ஒரு டிராக்டர். பாலத்தின் அந்த முனையில் போலீஸ் ஜீப் நிழலில், கதவு திறந்து. அவர்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் இந்த முனையில்தான் நின்றிருப்பார்கள்.

பிறகு விசில்.

ஊக்கைத்தான் நினைத்தேன். மடக்கியது போதுமா, சூட்டில் நிமிர்ந்துவிடுமா. கண்ணை மூடிக்கொண்டேன். விசில் ஏறிக்கொண்டே போனது, இறங்கவில்லை, நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜீப் பாலத்தின் முதுகில். புகை இல்லை. பின்கண்ணாடியில் அஞ்சலை அத்தையின் சிவப்புச் சேலை. போலீஸ் ஜீப்பைத் தாண்டும்போது அம்மா ஹாரன் அடித்தாள். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மிஸ் என்ன சிரிப்பு என்றார். இன்னும் பத்து நிமிடம் நின்றேன்.

சாயங்காலம் அம்மா சொன்னது: போலீஸ் ஜீப் பின்னாலேயே வந்தது. வழியில் நிறுத்தி ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஆளை எண்ணினார்கள். எல்லாம் சரி. விட வேண்டியதாயிற்று. ஆபீசில் இவர்களைப் பார்த்ததும் கிளார்க் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தார். அம்மா அதைத் திருப்பினாள். முன்னாலேயே டைப் செய்து தயார்: ஆட்சேபணை தெரிவிக்க எவரும் ஆஜராகவில்லை. தேதி இன்றைய தேதி.

"இதுல நாங்க எங்க உக்காந்திருக்கோம், கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கேட்டாளாம்.

தாசில்தார் அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, எட்டுப் பேர் பெயரையும் கையால் எழுதினார். ஆறு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. எட்டு ஆட்சேபணை. நகல் வாங்காமல் யாரும் எழுந்திருக்கவில்லை.

நிலம் நின்றுவிட்டது என்று இல்லை. அம்மாவே சொல்கிறாள், இது முடியாது, கோர்ட்டுக்கும் போகும். ஆனால் எவரும் வரவில்லை என்று இனி எவரும் எழுத முடியாது.

அப்பாவிடம் டீக்கடைக்கு எதிரே நின்று சொன்னோம். வெள்ளைச் சட்டைக்காரர் இருந்தார். அம்மா குரலைத் தணிக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, ஊக்க மாத்திடுங்க, ரொம்ப நாள் தாங்காது என்றார்.

இப்போதுதான் ஏட்டு வந்துவிட்டுப் போனார். நாளைக்குக் காலை ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம், அம்மாவும் பெண்ணும். எஸ்.ஐ. ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தெருக்கோடியில் பைக் நிற்கிறது. டார்ச் எரிகிறது. எரியட்டும்.

நாளைக்கு:
ஊக்கு, ஒரு அட்டை.
வேதியியல் ரெக்கார்டு, படம் பாக்கி.
வத்தக்குழம்பு, கண்டக்டரிடம் கொடுக்க.
ஸ்டேஷன். ரசீது மறக்கக் கூடாது. எங்கள் பைபாஸைத் திருப்பிக் கேட்க வேண்டும்.